ராக்கியண்ணன் விட்ட கொட்டாவி

சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் வரிசையாக இருக்கிற வீதியில், ராக்கியண்ணன் கொட்டாவி விடப்போகிறார் என்று தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒன்று எழுந்து ஓட்டம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வருவது வரட்டும் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும், ரெண்டுங்கெட்டானாக நின்றுவிட்டு அப்புறம் அய்யோ அப்பா என்று கத்தக்கூடாது என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஒருத்தர் கொட்டாவி விட்டால் எதிரில் இருக்கிறவருக்கும் கொட்டாவி வரும், அது ஊர் உலகத்தில் எல்லா இடத்திலும் உள்ளதுதான். ராக்கியண்ணன் கொட்டாவியில் கூடவே ஒரு ஞாபகமும் வந்துவிடும். அவரிடமிருந்து கிளம்பியது எதிரில் வாயைத் திறந்தவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்கப்புறம் அது அவருடையது இல்லை, இவருடையது.

முதலில் மாட்டியது டீக்கடை மாதையன். ராக்கியண்ணன் வாழ்நாள் பூராவும் வடக்கே லோடு கொண்டுபோகிற லைன் லாரி ஓட்டிவிட்டு, கண்ணு மங்கினதும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, காலையில் ஒன்று பொழுதோட ஒன்று என்று மாதையன் கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த மனுசர். அன்றைக்கும் வந்து உட்கார்ந்தார், கொட்டாவி விட்டார், மாதையனும் பாலை ஆற்றிக்கொண்டே கூட ஒன்று விட்டான். விட்டவன் போணியை அப்படியே கீழே போட்டுவிட்டு, "அய்யோ, எங்கம்மா போயிட்டாளே, மூஞ்சிகூடப் பாக்கலியே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவனுடைய அம்மா உள்ளே பஜ்ஜிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், கத்தியும் கையுமாக வெளியே வந்து, "அடக் கெரகம் புடிச்சவனே, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே எழவு கொட்டறியா" என்று வைதாள். "நீ இல்லம்மா, நான் பூனாவுல லோடு எறக்கிட்டு இருந்தப்பத் தந்தி வந்துதே, அந்தம்மா" என்றான் மாதையன். ஈரோட்டுக்கு அந்தப்பக்கம் அவன் போனதே கிடையாது.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, வருகிற அமாவாசைக்கு, செத்துப்போன மாமியாருக்குக் கும்பிட வேண்டுமே என்று பாவாயி பேச்செடுத்தாள். பாவாயி, ராக்கியண்ணன் சம்சாரம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆருக்கு?" என்றார். "உங்கம்மாவுக்குத்தானுங்க." "எங்கம்மாவுக்கு எதுக்குக் கும்பிடோணும்? அவ நல்லாத்தானே இருக்கறா" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். பாவாயி ரசத்தை ஊற்றிவிட்டுப் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

சேலத்துக்குக் கூட்டிப் போனாள் மகள் பூங்கோதை. திருப்பூரில் குடித்தனம் பண்ணுகிறவள், விசயம் தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார், தேதி என்ன கிழமை என்ன என்று கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், அப்புறம் மறதி நோய் என்றார், மூளை சுருங்குகிறது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அழிந்துபோகும், மாத்திரை கொடுத்தால் மெதுவாக அழியும் என்றார். "எங்கீங்க போகும்?" என்று பாவாயி கேட்டாள். "எங்கயும் போகாதும்மா, இல்லாமப் போயிடும்" என்றார் டாக்டர். பாவாயி மாத்திரைச் சீட்டை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். படித்த மனுசர், அவருக்கு மாதையனைத் தெரியாது, அவ்வளவுதான்.

மாதையனோ மொட்டை போட்டுக்கொண்டு, அமாவாசையன்றைக்குப் பவானி கூடுதுறையில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தான். அவனுடைய சொந்த அம்மா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள், திட்டிக்கொண்டே வடையும் சுட்டுப் படையல் வைத்தாள். செத்தவள் யாராக இருந்தால் என்ன, தன் பையன் அப்படி விம்முவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பொம்பளை சும்மா இருப்பாள்?

அப்படித்தான் வீதி அதற்குப் பழகிப்போனது. முதலில் நாலு பேர் பயந்தார்கள், பேயோ காத்தோ என்றார்கள், ஒருத்தர் வேப்பிலை கொண்டுவந்து அடித்துக்கூடப் பார்த்தார், ராக்கியண்ணனுக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம். அப்புறம் தானாக ஒரு முறை உண்டாகிவிட்டது. எவருக்கு என்ன வருகிறதோ அவர் அன்றைக்கே கைகால் கழுவிக்கொண்டு, எழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகிறவர் மாதிரி ராக்கியண்ணன் வீட்டுக்குப் போய், பாவாயி கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, தமக்கு வந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வரவேண்டும். சொன்னால் திரும்பிப் போய்விடும் என்று இல்லை. அடுத்தவர் பொருள் நம்மிடம் இருக்கிறது என்று வீட்டுக்காரிக்குத் தெரிவிக்க வேண்டாமா, அந்த மரியாதைதான். சொல்லுகிறபோது ராக்கியண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். தான் பார்த்த பனியை, தான் பட்ட பட்டினியை, தான் அடித்துக்கொண்ட சண்டையை, யாரோ எவனோ பட்டது என்பதுபோலக் கேட்டுக்கொண்டு, "அடேங்கப்பா, அப்புறம் என்னாச்சு?" என்பார். அப்படி அவர் கேட்கிறபோதெல்லாம் பாவாயிக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடலாமா என்று இருக்கும்.

வேண்டுமென்றே வாங்க வந்தவர்களும் உண்டு. தையல்கார ரங்கநாயகிக்குச் சின்னதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப் போயிற்று. அவள் மூன்று சக்கர வண்டியைக் கையால் ஓட்டிக்கொண்டு வந்து ராக்கியண்ணன் முன்னால் நிறுத்தி, "பெரியப்பா, காஷ்மீரத்துல ஆப்பிள் ஏத்தப் போனீங்களாமே, அந்தப் பனியை எனக்குக் குடுங்க" என்று கேட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டதைக் கொடுக்கிற சாமியா அது? அவளுக்கு வந்தது வேறு. கிளம்பிவிட்ட லாரியின் பின்னாலேயே, மத்தியான வெயிலில், செருப்பில்லாமல், இளவட்டமாக ஓடி ஓடி, பின்கதவைத் தாவிப் பிடித்த ஓட்டம் வந்தது அவளுக்கு. பாவாயியிடம் வந்து அதைச் சொன்னபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு உள்ளங்காலுஞ் சுட்டுதுங்க பெரிம்மா, ரெண்டும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள், சிரித்தாள். ராக்கியண்ணன் அன்றையிலிருந்து ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார்.

இன்னொருத்தனுக்கு என்னமோ வந்தது. அவன் பாவாயி வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, மேலே பார்த்தான், கீழே பார்த்தான், காதெல்லாம் சிவந்து, "அது வந்துங்க அக்கா, ஒரு ஓட்டல்ல..." என்று இழுத்தான். லைன் வண்டிக்காரன் பொண்டாட்டிக்கு இது புரியாதா? "செரி செரி, மோரைக் குடிச்சுட்டுப் போ" என்று அனுப்பிவிட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்தது.

இப்படியே போயிருந்தால் பாவாயியும் மற்றவர்களைப்போல, பாவம் புருசனுக்கு இப்படி ஆச்சே என்று விசனப்பட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பாள். வெல்டிங் பட்டறை அங்கமுத்துக்கு வந்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

அங்கமுத்துக்குக் கல்யாணமாகி வெகுகாலம், குழந்தை கிடையாது. அவனுக்கு வந்தது பூங்கோதை பிறந்த அன்றைக்கு அவளைக் கையில் வாங்கின ஞாபகம். கேட்டதும் பாவாயிக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது, வேண்டியவன் கையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் அவன் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏங் கண்ணு, பாப்பா எப்படி இருந்துச்சு? நெறையா முடியோட இருந்துச்சில்ல?"

"இருந்துச்சுங்க அக்கா. பிஞ்சுக் காலு, இத்தினியூண்டு." அங்கமுத்து விரலைக் காட்டினான். "ஆனா எனக்குச் சந்தோசமே வல்லீங்க. கையெல்லாம் நடுங்குச்சு. நீங்க கட்டல்ல படுத்திருந்தீங்க. உங்க மொகத்தைப் பாக்கவே பயமா இருந்துச்சுங்க. இப்ப வாயத் தொறந்து கேட்டுப் போடுவா, சாமி, கேக்காம இருக்கோணும் சாமின்னு நெனச்சுட்டே பாப்பாவைப் புடிச்சுட்டு நின்னனுங்க."

"நான் என்ன கேக்கப் போறேன்னு பயம்?"

"அது வல்லீங்க அக்கா. அந்த நடுக்கந்தான் வந்துச்சு. பாப்பாவைத் தொட்டுட்டு நடுங்கற கொடுமை இருக்குது பாருங்க..." என்று சொல்லி, துண்டை வாயில் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

பாவாயி அடுப்பில் எதையோ வைத்துவிட்டுத் தீய விட்டாள். பூங்கோதை பிறந்த சமயத்தில் அவள் புருசனைப் பார்த்தால் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டிருப்பாள். மாரப்பன் எங்கே?

மாரப்பன் அவளுடைய தம்பி. அம்மா காட்டு வேலைக்குப் போக, இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். மீசை அரும்பின வயசில் பள்ளிக்கூடமும் ஏறாமல் பண்ணையமும் பழகாமல் சுற்றினவனை, "மாமா, உங்ககூடக் கிளீனராக் கூட்டிப் போங்க, உங்க கண்ணு முன்னாடி இருந்தாத் தேறிருவான்" என்று புருசனிடம் கெஞ்சி வண்டியில் ஏற்றி அனுப்பியவளும் இவள்தான். பையனும் தேறினான். பூங்கோதை வயிற்றில் இருந்தபோது இரண்டு பேரும் வடக்கே போனார்கள், ராக்கியண்ணன் மட்டும் திரும்பி வந்தார். "ஓடிப்போயிட்டான். மலைமேல காட் ரோட்டுல எறங்கினவன் வண்டிக்குத் திரும்பி வரவே இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெற்றவள் அதற்கப்புறம் ரோட்டில் ஆரன் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பாள், நின்று நின்றே ஒரு நாள் கண்ணை மூடினாள். அன்றைக்குப் பாவாயி வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு தம்பியைத்தான் சபித்தாள். எங்கேயோ ஒரு இந்திக்காரியைக் கட்டிக்கொண்டு, சப்பாத்தி தின்றுகொண்டு, பெற்றவளைக் கொன்ற பாவி, நீ நல்லா இருப்பியாடா, உன் குலம் விளங்குமாடா என்று. அந்தச் சாபத்தை அவள் இன்றுவரைக்கும் திரும்ப வாங்கவில்லை.

இப்போது அங்கமுத்து போன பிறகு உட்கார்ந்து யோசித்தாள். ஓடிப்போனவனைப் பற்றிக் கேட்டால் கோபம் வரும், எரிச்சல் வரும். நடுக்கம் எதற்கு வரும்? மனுசனுக்கு என்னமோ தெரியும். அது இன்னும் அவருக்குள்ளேதான் இருக்கிறது. என்றைக்காவது ஒரு கொட்டாவியில் அது வந்தே தீரும். அது வருகிறபோது எதிரில் தான் இருக்க வேண்டும், வேறு ஒருத்தரும் இருக்கக்கூடாது.

மறுநாளிலிருந்து கதவைச் சாத்திவிட்டாள். மாதையன் தூக்குப்போணியில் டீ கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். ரங்கநாயகியைக்கூட உள்ளே விடவில்லை. "பாவாயி ஆளை அடைச்சு வெச்சுட்டா, எல்லாத்தையும் தானே வெச்சுக்கப் பாக்கறா" என்று வீதி முணுமுணுத்தது. முணுமுணுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

அவளுக்கும் வர ஆரம்பித்தது. கிளட்சை எப்போது மிதிக்க வேண்டும் என்று காலுக்குத் தெரிந்தது. நாக்பூர் வெயிலில் குடித்த கரும்புச்சாறு தொண்டைக்கு வந்தது. ஒரு நாள் தன்னுடைய குரலே கேட்டது, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்று, உள்ளே தான் வைது தீர்ப்பதைத் தானே கேட்டாள், அட இத்தனை சத்தமாகவா கத்தினோம் என்று வெட்கமாகப் போயிற்று. அவரோ ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போனார். வேட்டி கட்டத் தெரியவில்லை, டம்ளர் என்ற பேர் தெரியவில்லை, பாவாயி என்ற பேரும் ஒரு நாள் போய்விட்டது. அந்தப் பேர் அவளுக்குத்தான் வந்தது, அவர் வாய் அதைக் கூப்பிடுகிற விதத்தோடு. அவள் கிணற்றடியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதுவிட்டு வந்து அவருக்குச் சோறு ஊட்டினாள்.

எல்லாம் போய்க்கொண்டிருந்தது, அது மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கவனித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. மனுசர் கொட்டாவி வருகிறபோது சில சமயம் தலையை ஆட்டி, தோளில் கிடக்கிற துண்டின் முனையைப் பல்லால் கடித்துக்கொள்கிறார், தாடை நடுங்க நடுங்க இறுக்கிக் கடித்து, வருகிறதை உள்ளேயே அமுக்கி விழுங்கிவிடுகிறார். தன் பேர் தெரியாது, ஊர் தெரியாது, கட்டினவள் யார் என்று தெரியாது, ஆனால் இது ஒன்றை விடக்கூடாது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பாவாயி அவர் காதருகில் குனிந்து, "மாரப்பன் எங்கீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள். அவருக்குக் கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்தது. துண்டை இன்னும் இறுக்கிக் கடித்தார்.

அதற்கப்புறம் அவள் செய்தது நல்ல காரியம் இல்லை. தெரிந்தேதான் செய்தாள். தூக்கம் இல்லாத மனுசனுக்குத்தானே கொட்டாவி அடுக்கடுக்காக வரும்? மத்தியானம் அவர் கண் சொக்கினால் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். சாய்ந்தால் நிமிர்த்தினாள். பாட்டுப் பெட்டியை அலறவிட்டாள். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் பசு மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு, ஏன் என்று கேட்கக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

பூங்கோதை வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "உனக்கு என்னம்மா பைத்தியமா? அப்பா கண்ணைப் பாரு, செக்கச்செவேல்னு கெடக்குது. தூங்க விடும்மா!"

"உனக்குத் தெரியாது சாமி. உங்க மாமன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியோணும்."

"இத்தன வருசம் கழிச்சுத் தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

பாவாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அவனுக்குச் சாபம் விட்டிருக்கறேன், பூங்கோதை. செத்த பையனுக்கு விட்டனா, உசுரோட இருக்கறவனுக்கு விட்டனா? நான் அவனைக் கும்பிடோணுமா, திட்டோணுமா? இல்ல, திட்டவேண்டிய ஆளு இந்தா இந்த நாற்காலியில உக்காந்திருக்குதா? அது தெரியாம என்ற கட்டை வேகாதுடி."

பூங்கோதை அப்பாவின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அப்படி அவள் சொன்னது பாவாயிக்குத் தலையில் இடி இறங்கின மாதிரி இருந்தது. திருப்பூரில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு, பால்காரனுக்கு, எவனோ ஒருத்தனுக்கு அது போய்விட்டால்? துட்டி கேட்கிற மாதிரி வந்து சொல்லுகிற வழக்கம் அந்த ஊரில் ஏது?

அதற்குப் பிறகு அவள் இரவும் பகலும் அவரைத் தூங்கவிடவில்லை, தானும் தூங்கவில்லை. ஒரு மத்தியானம், பட்டறைகளில் சம்மட்டிச் சத்தமெல்லாம் சாப்பாட்டுக்கு நின்று, வீதியே கம்மென்று கிடந்த நேரத்தில், அவர் துண்டைக் கடித்தபடி நாற்காலியில், அவள் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரில் தரையில். பேசக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கண் எரிந்தது, தலை கனத்தது, அவளை அறியாமல் அவள் வாய் திறந்தது. கொட்டாவி விட்டது பாவாயிதான். வாழ்க்கையில் அப்படி ஒரு கொட்டாவி அவள் விட்டதில்லை, தாடை கழன்றுவிடும்போல, கண்ணிலிருந்து நீர் வழிய. எதிரில் இருந்தவர் அதைப் பார்த்தார். தனக்குள்ளிருந்து வருகிற கொட்டாவியை அமுக்கத்தான் அவருக்குத் தெரியும், அடுத்தவரிடமிருந்து தொற்றிக்கொள்வதற்கு அவரால் என்ன செய்ய முடியும்? பல் விட்டது, துண்டு மடியில் விழுந்தது, வாய் திறந்தது.

மழை. காட் ரோட்டில், நாசிக் பக்கம் ஏறுகிற மேட்டில், இரும்பு லோடோடு வண்டி ஏறுகிறது, ஸ்டியரிங்கில் இருப்பது அவள் கைதான், ரோமம் அடர்ந்த கை, ஆனால் அவள் கை. பொண்டாட்டிக்கு மாசம் ஆகிவிட்டது, இறக்கி ஏற்றிவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எங்கேயும் படுக்காமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், கண்ணில் மணல் கிடந்து உறுத்துகிறது. மேட்டில் வண்டி திணறி நிற்கிறது. "கட்டை போட்றேன் மச்சான்" என்று சொல்லிக்கொண்டே மாரப்பன் கதவைத் திறந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மரக்கட்டையோடு குதிக்கிறான். கிளீனர் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் பாடியில் உள்ளங்கையால் தட்ட வேண்டும், தட்டுகிறவரைக்கும் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக்கூடாது, லைனில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. அவள் கால் பிரேக்கில் இருக்கிறது. வைப்பர் இப்படியும் அப்படியும் போகிறது. ஒரு கொட்டாவி வருகிறது. கண் மூடுகிறது, கால் தூங்கிப்போகிறது, அந்தக் கொட்டாவி நீளத்துக்குத்தான், வண்டி ஒரு முழம் பின்னால் போகிறது, திடுக்கென்று விழித்து மிதிக்கிறாள். மிதித்துக்கொண்டு, தட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறாள். மழை கேபின் தகரத்தில் கொட்டுகிறது. மாரப்பா, என்கிறாள். தட்டுடா, என்கிறாள். தட்டு வரவில்லை.

அப்புறம் அவள் கைகள் தோண்டுகின்றன. ஜாக்கி ராடால் குத்தி, கையால் மண்ணை அள்ளி, ஒரு மரத்தடியில், போலீசுக்குப் பயந்து, எதிரே வருகிற வெளிச்சங்களுக்குப் பயந்து, பையனை அதே சாக்கில் சுற்றி உள்ளே வைத்து, வாயில் தண்ணீர் விடக்கூட மழைத்தண்ணீரைத்தான் கையில் பிடித்து விட்டு மூடுகிறாள். அப்புறம் தனியாக வண்டி. சொல்லிவிட வேண்டும், போனதும் காலில் விழுந்து சொல்லிவிட வேண்டும் என்று பூனாவில் நினைக்கிறாள், ஹூப்ளியில் நினைக்கிறாள், ஓசூரில் இறங்கி முகம் கழுவும்போதும் அதையேதான் நினைக்கிறாள். வீட்டு முன்னால் வண்டி நிற்கிறது. வாசலில் ஒருத்தி நிற்கிறாள். வயிறு தள்ளிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, புருசனைப் பார்க்காமல் கேபினில் அந்தப் பக்கத்துச் சீட்டையே எட்டி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். "எங்கீங்க அந்தக் கழுதை? தூங்கறானா? எழுப்புங்க, அவனுக்குன்னு கறி எடுத்து வெச்சிருக்கறேன்" என்கிறாள். ஸ்டியரிங்கில் இருக்கிற இவள் வாயைத் திறக்கிறாள். அந்தச் சிரிப்பு ஒரு நொடியில் என்ன ஆகும், அந்த வயிற்றுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறாள். வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிடுகிறது. குழந்தை பிறக்கட்டும், பிறந்ததும் சொல்லிவிடலாம் என்று மனசு சொல்கிறது.

பாவாயி தரையில் குப்புற விழுந்து கிடந்தாள். எத்தனை வருசமாக யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்தாளோ, அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்றது. திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது, ஆனால் பிரேக்கில் தூங்கிப்போன கால் அவளுடைய காலாக இருந்தது, நகக்கண்ணில் அந்த மண் அவளுக்குத்தான் உறுத்தியது. நாற்காலியில் இருக்கிற மனுசனைத் திட்டினால், அவருக்கு அந்த மேடும் தெரியாது, மழையும் தெரியாது. அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டிருந்தது. பெண்பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் முகம் அத்தனை தெளிவாக இல்லை. அவர் குனிந்து, பக்குவமாக, யாரோ ரோட்டோரத்தில் விழுந்து கிடக்கிறவளைத் தொடுகிற மாதிரி அவள் தோளைத் தொட்டார்.

"ஏனுங்கம்மா, ஏன் இப்படி அழுகறீங்க?"

பாவாயி எழுந்து உட்கார்ந்தாள். சொல்லத்தான் வேண்டும், வீதியின் முறை அது. வாங்கினவர் சொல்லிவிட வேண்டும்.

"என்ற கூட வந்த பையன் செத்துப் போயிட்டானுங்க. நாந்தான் கொன்னு போட்டேன். வண்டியில உக்காந்துட்டுச் சித்தெ தூங்கிட்டனுங்க."

"அட சாமி" என்றார் ராக்கியண்ணன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை விட்டு இறங்கி, முட்டி மடங்காமல் சிரமப்பட்டு, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார். "தெரிஞ்சா செஞ்சீங்க? ஒடம்பு அசந்துபோனா என்னங்க பண்ணறது? அழுகாதீங்க. மனசுல போட்டு வெச்சுக்காதீங்க."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவரும் சும்மா இருக்காமல், மேல்துண்டை எடுத்து அவளுக்கு முகத்தைத் துடைத்துவிட்டார். கொஞ்சநேரம் கழித்து, திடீரென்று நினைவு வந்தவர்போல அவள் கையைப் பிடித்தார்.

"அந்தப் பையனுக்கு ஊட்டுல ஆராச்சும் இருக்கறாங்களா?"

"ஒரு அக்கா இருக்கறாளுங்க."

"அந்தப் புள்ளைகிட்ட மொதல்ல சொல்லிப் போடுங்க. மறைக்காதீங்க. பாவம், தடத்தையே பாத்துட்டு இருக்கும்."

"சொல்லியாச்சுங்க" என்றாள் பாவாயி.

"அட, சொல்லிட்டீங்களா?" அவருக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. அழுதுட்டு இருக்கறா."